பட்டனுக்குக் கூலி இல்லை

பட்டனக்காவின் சொந்தப் பெயர் பக்கத்துக் கடைக்காரருக்கே தெரியாது. பட்டன் விழுந்த சட்டையோடு யார் போய் நின்றாலும், செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு அதைத் தைத்துக் கொடுப்பாள். காசை நீட்டினால், "பட்டனுக்கெல்லாம் கூலி கெடையாது" என்று சொல்லிவிட்டு மறுபடி மெஷினில் உட்கார்ந்துகொள்வாள். மற்றபடி தையலில் கறார்தான். இழை பிசகினால் பிரித்துத் தைப்பாள். கூலியில் ஒரு பைசா விடமாட்டாள்.

அளவெடுக்கும்போது அவள் எண்ணை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒருத்தியின் இடுப்பளவு கடையில் காத்திருக்கும் நாலு பேர் காதில் ஏன் விழவேண்டும்?

அவளுடைய வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். ஒருநாள் எங்கோ கேள்விப்பட்டு வந்து, அவள் போனில் தையல்கடைகளுக்கான ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். எல்லார் அளவையும் அதுவே வைத்துக்கொள்ளும். துணி தயாரானால் அவரவர் போனுக்கு அதுவே சேதி அனுப்பும். முழுக்க முழுக்க ஓசி. ஒரே தொல்லை, யார் அளவைத் திறந்தாலும் முதலில் விளம்பரத்தில் ஒருவன் வந்து தலைக்குத் தடவும் எண்ணெயைப் பற்றித் தொண்டை கிழியக் கத்துவான். அவன் ஓயும்வரை கழுத்தில் டேப்போடு நின்றுகொண்டிருப்பாள். இதுதான் கூலி என்றால் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்று நினைத்தாள்.

அவளிடம் வெகுகாலமாகத் தைப்பவர்களில் ஒருவர் பள்ளிக்கூட டீச்சர். அவருக்கு ஆபரேஷன் செய்து இடது மார்பை எடுத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வெளியே அது தெரிந்தவர்கள் இரண்டே பேர்: டீச்சரின் கணவர், பட்டனக்கா. சட்டைக்குள் சின்னதாக ஒரு பை வைத்து, பஞ்சு அடைத்து, இரண்டு பக்கமும் ஒன்றுபோல உட்காரும்படி தைத்துவிடுவாள். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆப்பில் டீச்சரின் அளவை ஏற்றியபோது, எதையும் அரைகுறையாக விடும் வழக்கமில்லாததால், 'குறிப்பு' என்ற இடத்தில் அதையும் எழுதி வைத்தாள்.

புதுத் துணி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்த டீச்சர், அது வெட்டப்படுமுன்பே ஒரு மத்தியானம் திரும்பி வந்தார். பள்ளியில் மகளின் போட்டோவைக் காட்டப் போனை ஒருவரிடம் நீட்டியிருக்கிறார். திரையில் வந்து நின்றதோ செயற்கை மார்புக்கான விளம்பரம். போனைத் திருப்பிக் கொடுத்தவர் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் பொறுக்கவில்லையாம்.

"இதைப் பத்தி நான் போன்ல ஒரு எழுத்துகூடத் தேடினதில்லக்கா. வெளில உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

"நான் யார்கிட்டயும் மூச்சு விடலையே, டீச்சர்."

எதில் எழுதிவைக்கிறீர்கள் என்று டீச்சர் கேட்டார். பட்டனக்கா ஆப்பைத் திறந்தாள். எண்ணெய்க்காரன் கத்தி முடிக்கும்வரை இருவரும் காத்து நின்றார்கள். தன்னைப் பற்றிய வரியை டீச்சர் படித்தார். பிறகு யாரும் படிக்காத நிபந்தனைகளைத் தேடிப் பிடித்து, இங்கே எழுதுவதையெல்லாம் விளம்பரக்காரர்களுக்குக் கொடுப்போம் என்ற இடத்தைக் காட்டினார். சண்டை போடவில்லை. துணியை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கொடுத்த துணியை அவளிடமிருந்து யாரும் அப்படித் திருப்பி வாங்கிப் போனதில்லை.

"ஓசின்னு சொன்னா சும்மாவா குடுப்பான்?" என்றார் கண்டக்டர் சாயங்காலம்.

"போட்டுக் குடுத்த மகராசன் நீங்கதானே. கூலி நான் குடுக்கறேன்னு நெனச்சேன். அவங்க பொருளை எடுத்துக் குடுத்திருக்கேன்."

ஆப்பை அழித்தாள். போனது போனதுதான் என்பது அவளுக்குத் தெரியும். அதில் ஏற்றியிருந்த ஒவ்வொருவரிடமும், உங்கள் அளவு வெளியே போயிருக்கிறது, தப்பு என்னுடையது என்று முகத்தைப் பார்த்துச் சொன்னாள். சிலர் முறைத்தார்கள். ஒருத்தி மட்டும், "என் இடுப்பை வாங்கி அவன் என்ன பண்ணப் போறான், வச்சுக்கட்டும்" என்று சிரித்தாள்.

சேதி டீச்சர் காதுக்கும் போயிருக்கவேண்டும். அதே துணியோடு வந்தார். பள்ளியில் விவரங்களை எழுதிவைக்கத் தாங்கள் வேறொரு ஆப் வைத்திருப்பதாகச் சொன்னார். ஒருவரையொருவர் பார்த்திராத பலர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டது; விளம்பரம் கிடையாது, எழுதுவது போனைவிட்டு வெளியே போகாது. துணி ரெடி என்று மட்டும் நீங்களேதான் கூப்பிட்டுச் சொல்லவேண்டும்.

"வேணாம் டீச்சர். சும்மா குடுக்கறவன் எதையாவது எடுத்துக்காம போவானா?"

"பட்டனுக்கு நீங்க என்னத்தை எடுத்துக்கறீங்க?"

பட்டனக்கா யோசித்தாள். "அது வேற. பட்டன் இல்லாம ஒருத்தர் தெருவுல போனா எனக்குப் பார்க்கப் பொறுக்காது, அவ்வளவுதான்."

"அவங்களுக்கும் ஏதோ பொறுக்கல போல."

இருந்தாலும் போனில் நெட்டை அணைத்துவிட்டுத் திறந்து பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டாள். சத்தமில்லாமல் திறந்தது. டீச்சரை நிற்கவைத்து, வாய் திறக்காமல் அளவெடுத்து, எண்களை ஏற்றினாள். குறிப்பு என்ற இடத்தை வெறுமனே விட்டாள்.

"அதை எழுதலையா?"

"அது என் கைக்குத் தெரியும்."

வேலை முடிந்து வந்த கண்டக்டர் வாசலில் நின்று காதைத் தீட்டினார். "எங்க நம்ம எண்ணெய்க்காரன்? கடையே வெறிச்சோடிக் கெடக்கு."

டீச்சர்தான் முதலில் சிரித்தார். கையில் பஞ்சை உருட்டிக்கொண்டிருந்த பட்டனக்கா, டீச்சரின் சட்டைக் கைப்பட்டன் ஒற்றை நூலில் தொங்குவதைக் கவனித்து, ஒன்றும் கேட்காமல் ஊசியை எடுத்தாள்.