இல்போ யுந்துனெனின் முதல் கத்தி

"இயல்பிலேயே நிதானமானவர். ஓரிடத்தில் நீண்ட நேரம் காத்திருக்கக் கூடியவர். காட்டில் பழகியவர். சொந்தக் கத்தி எப்போதும் இடுப்பில் உண்டு."

காட்டில் காணாமல் போகிறவர்களைத் தேடும் எங்கள் வட்டாரத் தேடுதல் குழு தன் உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் அட்டையில், இல்போ யுந்துனெனின் புகைப்படத்துக்குக் கீழே இப்படி அச்சாகியிருக்கிறது. எல்லோருடைய அட்டையிலும் இதே வாசகம்தான். இல்போவுக்கென்று தனியாக இருப்பது புகைப்படம் மட்டும். அதுவும் கலங்கியிருக்கும், எடுக்கும்போது அவர் அசைந்துவிட்டார்.

இல்போவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஊர் நூலகத்தில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கச் சம்பளம் வாங்குகிறார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. புத்தகம் கேட்டுப் போனால் மேஜையில் ஆள் இருக்காது. அலமாரிகளுக்கு நடுவே எங்கேயோ காலடி கேட்கும், அதைப் பின்தொடர வேண்டும். காப்பியை ஜன்னலுக்கு ஜன்னல் எடுத்துப் போய்க் குடிப்பார். சவுனா என்ற நீராவிக் குளியலறையில் மற்றவர்களுக்கு வியர்க்கத் தொடங்குமுன் அவர் ஏரிக்கரையில் நிற்பார். "உக்காரு இல்போ" என்பதுதான் அவர் வாழ்நாளில் அதிகம் கேட்ட வாக்கியம். அம்மா, பள்ளி ஆசிரியை, ராணுவத்தில் சார்ஜண்ட், பிறகு மனைவி இன்கெரி என்று சொல்லும் ஆட்கள் மட்டும் மாறினார்கள்.

அதைச் சொல்லாத ஒரே கூட்டம் தேடுதல் குழு. அதில் அவர் சேர்ந்ததே ஒரு தவறான புகழால்தான். ஒரு வருடம், ஹெல்சிங்கியிலிருந்து காட்டுப்பழம் பறிக்க வந்த பல் மருத்துவரான ஓர் அம்மா காணாமல் போனார். இல்போவுக்கு அது தெரியாது. கார் ஓட்டிக்கொண்டிருந்தவர் காலை நீட்டலாமென்று இறங்கிக் காட்டுக்குள் நடந்து, தானும் வழி தவறிவிட்டார். அந்த அம்மா, வழி தவறினால் இருந்த இடத்திலேயே இரு என்ற விதிப்படி ஒரு பாறையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இல்போ வழக்கப்படி நடந்துகொண்டிருந்தார். சந்தித்தபோது, தன்னைக் காப்பாற்ற ஆள் வந்துவிட்டதென்று இருவருமே சந்தோஷப்பட்டார்கள். இல்போ மேலும் நடக்க, அவர் பின்தொடர, மாலைக்குள் ஒரு சாலை வந்தது. சளைக்காமல் தேடிய மனிதர் என்று பத்திரிகை எழுதியது. சளைக்காதது உண்மை.

குழுவில் அவருடைய கால்களுக்கு மதிப்பிருந்தது. சதுப்பின் தொலைவிலுள்ள மூலையை யார் பார்ப்பது என்று கேள்வி வரும்போதே அவர் பாதி தூரம் போயிருப்பார். இந்தக் குழுவை விட்டால் தன் கால்களுக்கு உலகத்தில் வேறு வேலை கிடையாது என்பது அவருக்குத் தெரியும்.

ஆனால் கத்தி இல்லை.

எங்கள் ஊரில் முதல் கத்தியை யாரும் கடையில் வாங்குவதில்லை. ஏழெட்டு வயதில் அப்பாவோ ஞானத்தந்தையோ கொடுப்பார்கள். வாங்குகிறவன் அதே நிமிடம் ஒரு நாணயத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கத்தி உறவை அறுத்துவிடும். அதன்பின் எத்தனை கத்தி வேண்டுமானாலும் காசு போட்டு வாங்கலாம், முதலாவதை மட்டும் கூடாது. இல்போவின் அப்பா, ஞானத்தந்தை கொடுப்பார் என்று இருந்துவிட்டார். ஞானத்தந்தை, அப்பா கொடுத்திருப்பார் என்று இருந்துவிட்டார். இருவரும் பல கோடைகள் ஒரே படகில் மீன் பிடித்தவர்கள். ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை, ஏனென்றால் இது கேட்கிற விஷயமல்ல. பையனின் இடுப்பு காலியாக இருந்ததைப் பார்த்த மற்றவர்கள், தொலைத்துவிட்டான் போலிருக்கிறது என்று எண்ணி, அவன் மனம் நோகக் கூடாதென்று வேறு பக்கம் பார்த்தார்கள். எங்கள் ஊர் மரியாதை அத்தனை ஆழமானது.

குழுவில் சேர்ந்ததும் இல்போ பழைய சாமான் சந்தையில் ஒரு தோல் உறை வாங்கினார். உறைக்குத் தடையில்லை. பிறகு பிர்ச் மரத்தில் ஒரு பிடியைச் சமையலறைக் கத்தியால் செதுக்கி, மெருகேற்றி, உறைக்குள் செருகினார். வெளியிலிருந்து பார்த்தால் கத்தி. உள்ளே அலகு கிடையாது. அடுத்தவர் கத்தியை இங்கே யாரும் கேட்பதுமில்லை, தொடுவதுமில்லை, ஆகவே ரகசியத்துக்கு ஆபத்தில்லை. முகாமில் தொத்திறைச்சி அறுக்க வேண்டி வந்தால் இல்போ கடித்தே தின்பார். "இதுக்குப் போயி கத்திய மொக்கையாக்குவாங்களா" என்பார்.

போன இலையுதிர் காலத்தில் குழுத் தலைவி ஹெல்வி, தீயணைப்பு நிலையத்தில் காப்பி குடிக்கும்போது ஒரு சேதி சொன்னார். ஹெல்வி பால் லாரி ஓட்டிய பெண். சுருக்கமாகப் பேசுவார்.

"இந்த மாசக் கடைசி சனிக்கிழமை எல்லாருக்கும் பரிட்சை. ஆளுக்கு ஒரு இடம், காலையிலேருந்து இருட்டற வரைக்கும். சொந்தக் கத்தி, தீப்பொறிக் கம்பி, காப்பிப் பாத்திரம். கோடாலி கிடையாது, லைட்டர் கிடையாது. நான் வந்து பாக்கறப்ப தீ எரியணும், காப்பி கொதிக்கணும், ஆளு அங்கயே இருக்கணும். இல்லன்னா குழுவுல கிடையாது."

"இல்போவுக்குக் கயிறு உண்டா, மரத்தோட கட்டிப் போட?" என்றார் தௌனோ. அவர் ஊரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர்.

எல்லோரும் சிரித்தார்கள். இல்போவும் சிரித்தார், கதவருகே நின்றபடி.

தௌனோவின் கடையில் கத்திகள் வரிசையாகத் தொங்குகின்றன. அங்கே போவது முடியாத காரியம். இல்போ விடுப்பு எடுத்துக்கொண்டு கயானி நகரத்துக்குப் போனார். நகரத் தெருவில் இடுப்பில் கத்தியோடு திரிந்தால் போலீஸ் காரணம் கேட்கும். இல்போ உறையைக் கழற்றக்கூட இல்லை. சட்டம் அவர் பக்கம்.

கடையில் மில்யா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண் வந்தாள்.

"அக்கா பையனுக்கு. முதல் கத்தி. எட்டு வயசு" என்றார்.

அவள் விரல் நீளத்தில் ஒன்றை எடுத்தாள்.

"இவ்ளோ சின்னது வேணாம்மா. அவன் கை என் கை மாதிரி."

அவள் அவர் கையைப் பார்த்தாள். "எட்டு வயசுலயா?"

"எங்க குடும்பத்துல கைதான் முன்னாடி வளரும்."

அவள் வாதம் செய்யவில்லை. இல்போ கடையைச் சுற்ற ஆரம்பித்தார், அவள் கூடவே நடந்தாள். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் முதுகில் ரம்பப் பல்லும், பிடியின் அடியில் திசைகாட்டியும், உள்ளே தூண்டில் முள்ளும் வைத்த பெரிய கத்தி ஒன்று படுத்திருந்தது.

"இது எதுக்கு?"

"காட்டுல தனியா மாட்டிக்கிட்டா எல்லாமே இதுக்குள்ள இருக்கும்."

"அப்படி மாட்டிக்கிட்டவங்க யாராவது வாங்கினாங்களா?"

"இத வாங்கறவங்க யாரும் காட்டுக்குப் போறதில்லைங்க."

பிறகு அவளே சொன்னாள். அலகின் நீளம் உள்ளங்கை அகலம் இருந்தால் போதும், அதற்கு மேல் கூடினால் கனம்தான் கூடும். மடக்குகிற கத்தி வேண்டாம், குளிரில் விரல் மரத்துப் போனால் திறக்க வராது. முதுகு விளிம்பு உருண்டிருக்கக் கூடாது, வெட்டினாற்போல் இருந்தால்தான் கம்பியை உரசும்போது பொறி பறக்கும். கடைசியாக ஒரு கேள்வி கேட்டாள்.

"சாதா எஃகு சீக்கிரம் கூர் ஏறும், ஆனா ஈரத்துல துருப்பிடிக்கும். பையன் துடைச்சு வைப்பானா?"

"அவன் ஒரு இடத்துல நிக்கமாட்டான்."

"அப்ப துருப்பிடிக்காதது. பிடி ஆரஞ்சு நிறம் எடுங்க. பாசியில கீழ போட்டாலும் கண்ணுக்குத் தெரியும். கொஞ்சம் நில்லுங்க. பிடிச்சுப் பாருங்க."

பிளாஸ்டிக் பிடி. கடையிலேயே மலிவானது. கத்தியைக் குலதெய்வம் போல மதிக்கும் எங்கள் ஜனங்கள், அப்பா கொடுத்த பிர்ச் மரக் கத்தியை அலமாரியில் வைத்துவிட்டு, வேலைக்கு எடுத்துப் போவது இதைத்தான். இல்போ அதைக் கையில் பிடித்தார். கண்ணை மூடினார். திறந்தபோதுதான் கவனித்தாராம், தான் கொஞ்ச நேரமாக நின்றுகொண்டிருப்பதை.

கத்தி முடிவாகிவிட்டது. ஆனால் காசு கொடுக்கும் இடத்தில் கை வரவில்லை. முதல் கத்தி அல்லவா.

"பரிசுக் காகிதத்துல சுத்திக் குடும்மா. பொண்டாட்டிக்குப் பெயர் நாள் வருது."

"அக்கா பையனுக்குன்னீங்க?"

"மனசு மாறிடுச்சு."

வீடு வந்து சேர்வதற்குள் திட்டத்தை யோசித்து முடித்திருந்தார். இன்கெரியிடம் அவள் அப்பா கொடுத்த கத்தி இருக்கிறது. இதைப் பார்த்ததும், எனக்கு எதுக்கு, நீயே வெச்சுக்கோ என்பாள். கொடுத்தது மாதிரியும் ஆகும், கேட்காதது மாதிரியும் ஆகும்.

எங்கள் நாள்காட்டியில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நாள் உண்டு. இன்கெரி என்ற பெயருக்கான அந்த நாளன்று கேக்கும் காப்பியும் வைத்து, இன்கெரி காகிதத்தைப் பிரித்தார். கத்தியைப் பார்த்தார். இல்போவின் இடுப்பைப் பார்த்தார். பிறகு எழுந்து போய், கோட்டுப் பையிலிருந்து ஒரு நாணயம் எடுத்து வந்து கணவன் கையில் வைத்தார்.

"ரொம்ப நாளா மீன் கழுவ ஒண்ணு வேணும்னு நெனச்சிட்டே இருந்தேன்."

அன்று மாலையே ஏரி மீன்கள் சுத்தமாயின. கத்தி இப்போது இன்கெரியுடையது. அடுத்தவர் கத்தியைத் தொடக் கூடாது. இல்போ அந்த வாரம் முழுக்கச் சமையலறை வாசலில் வந்து நிற்பார், ஆரஞ்சுப் பிடியைப் பார்ப்பார், போவார், திரும்பி வருவார்.

"உக்காரு இல்போ" என்றார் இன்கெரி.

சனிக்கிழமை மழை. இல்போவுக்குக் கிடைத்தது சதுப்பின் ஓரத்தில் ஒரு ஸ்ப்ரூஸ் மரம். நனைந்த விறகைப் பிளந்தால் உள்ளே காய்ந்திருக்கும். பிளக்க அலகு வேண்டும். கம்பியைக் கல்லில் உரசிப் பார்த்தார், கல் நனைந்திருந்தது. பிறகு நடக்கத் தொடங்கினார். இடத்தை விட்டுப் போகக் கூடாதென்பதால் மரத்தைச் சுற்றியே நடந்தார்.

வெளிச்சம் மங்கும்போது ஹெல்வி வந்தார். மரத்தைச் சுற்றிப் பாசி நசுங்கி, சேற்றில் வட்டமாக ஒரு பாதை உருவாகியிருந்தது. அதில் இல்போ வந்துகொண்டிருந்தார்.

"எடத்த விட்டுப் போகலியே" என்றார் ஹெல்வி.

"இல்ல."

"சரி, அது தேறிச்சு. தீ எங்க?"

இல்போ உறையிலிருந்து பிடியை உருவி உள்ளங்கையில் வைத்து நீட்டினார். மழை அதன்மேல் விழுந்தது. ஹெல்வி குனிந்து பார்த்தார்.

"நல்ல பிடி" என்றார்.

"ஆமா."

"எத்தன நாளா?"

"எப்பவுமே கிடையாது. யாரும் குடுக்கல."

"யார்கிட்டயாவது கேட்டியா?"

இல்போ அவரை ஏறிட்டுப் பார்த்தார். இப்படி ஒரு யோசனையை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

"அடுத்த சனிக்கிழமை வா, கத்தியோட. வரலன்னா அட்டையத் திருப்பிக் குடுத்துடு" என்று சொல்லிவிட்டு ஹெல்வி நடந்தார்.

வீட்டில் இன்கெரி ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். இல்போ ஈரக் கோட்டோடு மேஜையை இரண்டு சுற்று வந்தார். மூன்றாவது சுற்றில் சொன்னார்.

"எனக்கு ஒரு கத்தி குடு."

இன்கெரி ரொட்டியைக் கீழே வைத்தார்.

"உன் பேண்ட்ட தொவைக்கறது யாருன்னு நெனச்ச? கல்யாணம் ஆன நாள்லேருந்து கத்தியே இல்ல. அப்பறம் ஒரு நாள் பெல்ட்டுல அந்தக் கட்டை வந்துச்சு."

"தெரியுமா? அப்ப ஏன் சொல்லல?"

"நீ கேக்கல. அந்தக் கட்டை மேல உனக்கு ஏதோ பிரியம்னு நெனச்சேன்."

எழுந்து போய் ஆரஞ்சுக் கத்தியைக் கழுவித் துடைத்துக் கொண்டு வந்தார். "மீன் வாடை போகாது, சொல்லிட்டேன்."

இல்போ சட்டைப் பையைத் துழாவினார். பெயர் நாளன்று இன்கெரி கொடுத்த அதே நாணயம் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை, அதே மரத்தடியில், இல்போ யுந்துனென் நனைந்த விறகைப் பிளந்தார், தீ மூட்டினார், காப்பி கொதிக்க வைத்தார், அதை நடந்துகொண்டே குடித்தார்.