தொடாத பஞ்சு

நான் கைநாட்டுதான். ஆனாலும் எத்தனையோ பிள்ளைகளை டாக்டர் பரீட்சையில் பாஸ் பண்ண வைத்தவள் நான். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற பேத்தியே சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. முடிச்சூரில் எங்கள் வயலெல்லாம் மனையாகி, நாற்று நட்ட இடத்தில் கல் நட்டிருந்தார்கள். எனக்குச் சுகர் வந்து பல வருஷமாகியிருந்தது. தாம்பரம் பக்கத்தில் நான் வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள், என்னைப் போல நாள்பட்ட நோய்க்காரர்களைப் பார்த்துத்தான் தொழில் கற்பார்கள். பரீட்சைக்கும் எங்களைத்தான் படுக்க வைப்பார்கள். அதற்குக் 'கேஸ்' என்று பெயர். நான் நல்ல கேஸ். மதியம் சாம்பார் சாதம் உண்டு; உருளைக்கிழங்கைத்தான் கண்ணில் காட்ட மாட்டார்கள்.

கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் பாதத்தைத் தொடுவார்கள். பட்டால் 'ஆமா' சொல்ல வேண்டும். கட்டைவிரல், சுண்டுவிரல், உள்ளங்கால், குதிகால். எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே வரிசை, அதே நிதானம். என் ஏட்டில் 'காலில் உணர்ச்சி நன்றாக இருக்கிறது' என்று எப்போதோ எழுதியிருந்தார்களாம். அதைப் பொய்யாக்கிப் பிள்ளைகளைத் திணற விடலாமா? பட்டதோ படவில்லையோ, தாளம் தப்பாமல் ஆமா போட்டுவிடுவேன்.

பரீட்சைக்கு முந்தின நாள் மதியம், சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒரு பெண் என்னைச் சோதித்துப் பழக வந்தாள். மற்ற பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். கரண்ட் போய் ஃபேன் நின்றிருந்தது. கண்ணை மூடினேன். கட்டைவிரலில் சில்லென்று பட்டது. ஆமா. சுண்டுவிரல். ஆமா. உள்ளங்கால். ஆமா. குதிகாலில் எறும்பு ஊர்வதுபோல. ஆமா.

அடுத்த காலைத் தொடக் காணோம். கண்ணைத் திறந்தேன். அவள் எட்ட ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையும் மடியில்.

"பாட்டிம்மா, நான் இன்னும் தொடவே ஆரம்பிக்கலையே."

"இன்னா கண்ணு, வெளையாடுறியா? இப்பத்தானே குதிகால்ல வெச்சே. சில்லுன்னு கீது."

"பஞ்சு அங்க மேஜை மேல இருக்கு, பாருங்க."

அப்படியானால் தொட்டது யார்? குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். என் செருப்பு மட்டும் இருந்தது. நான் பார்த்த இடத்தையே பார்த்தவள், இடது செருப்பை எடுத்துத் திருப்பினாள். அடியில் ஒரு வேலிக்காத்தான் முள், முனை ஒடிந்து நின்றது.

சட்டென்று என் காலைத் தூக்கினாள். அவள் கையில் இருந்தது யாரோ செத்தவருடைய கால் மாதிரி இருந்தது. என்னுடையது என்று தோன்றவே இல்லை. கட்டைவிரலுக்குக் கீழே கறுத்து, ஈரம் கசிந்தது.

"இது எப்ப குத்துச்சு?"

"எது கண்ணு?"

முள் மண்டிய மனைக்கல் ஓரமாக நான் நடந்து மூன்று நாள் ஆகியிருந்தது. காலுக்குள் ஒடிந்த அந்த முனையோடு கடைக்குப் போயிருக்கிறேன், சர்ச் வாசலில் ஒருத்தியோடு சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

"எனக்குக் காலு பூடுமா?"

அவள் எழுந்து ஓடினாள். பெரிய டாக்டரோடு திரும்பி வந்தாள். பின்னாலேயே பிள்ளைகளும் சோற்றுக் கையோடு வந்து நின்றார்கள்.

"இந்த வாரம் இவங்களை எத்தனை பேர் பார்த்தீங்க?" முக்கால்வாசிப் பேர் கை தூக்கினார்கள். "செருப்பை யார் பார்த்தீங்க?"

"செருப்பையா சார்?" என்றான் ஒருவன். அவர் அவனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, பிள்ளைங்களுக்குப் பிட் கொடுத்தீங்களா?"

"பாவம் சார், பயந்துகினு வருதுங்க..."

"இனிமே படலைன்னா படலைன்னு சொல்லுங்க. சுகர்ல மரத்துப்போன இந்தக் கால் உங்களுக்குச் சொல்லாது. நீங்கதான் தினமும் அதைப் பார்க்கணும்."

கட்டைவிரலும் பக்கத்து விரலும் போயின. கால் தப்பியது. அடுத்த வருஷமும் கேஸாகப் போனேன், விடுவேனா? வந்த பிள்ளைகள் முதலில் என் செருப்பைக் கவிழ்த்துத் தட்டினார்கள். பிறகு வரிசையைக் கலைத்துப் போட்டுத் தொட்டார்கள். 'இல்லை, இல்லை' என்று சொல்வதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இன்றைக்கும் மதியம் கண்ணை மூடிப் படுத்தால், கட்டைவிரல் இல்லாத இடத்தில் சில்லென்று படுகிறது. பிறகு சுண்டுவிரல், உள்ளங்கால், குதிகால். அதே வரிசை, அதே நிதானம். நான் ஆமா சொல்வதில்லை. எழுந்து உட்கார்ந்து, காலைத் திருப்பி வைத்துப் பார்த்துவிடுகிறேன்.