சாக்ஸுக்குள் வந்த பிராசசர்

கோபம் வந்தால் எனக்குக் கை நடுங்கும். அந்த வெள்ளிக்கிழமை, கை நடுங்கவே கூடாத வேலை ஒன்று எனக்கு வாய்த்தது.

கருங்கல் என்ற ஊரில் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். இடி விழுந்ததில் கம்ப்யூட்டர் போயிற்று. ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பியது. மதர்போர்டையும் மெமரியையும் வடசேரியில் வாங்கிக்கொண்டு, கம்ப்யூட்டருக்கு மூளையான பிராசசருக்குத் துபாயில் இருக்கும் அண்ணனிடம் சொன்னேன். அங்கே வாங்கினால்தான் அசல் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. லீவில் வந்த, பக்கத்து ஊரான இனயத்துக்காரர் ஒருவரிடம் அண்ணன் அதைக் கொடுத்துவிட்டான்.

கடையில் ஒரு கல்யாணப் படம் பாதியில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளைக்கு விமானம். வியாழக்கிழமை மணப்பெண்ணே கடைக்கு வந்து நின்றாள்.

"அண்ணா, அவரு போனா வர ரெண்டு வருசம் ஆவும். சனியாழ்ச்ச சாயங்காலம் எல்லாரும் ஒண்ணா இருந்து பாக்கணும், கேட்டியளா?"

"தந்திருவேன் மக்கா" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் இனயத்துக்காரர் வீட்டிலிருந்து பொதி வந்தது. இரண்டு தைலப் பாட்டில், நாலு சோப்பு, ஒரு ஜோடி சாக்ஸ். அந்த சாக்ஸுக்குள்தான் பிராசசர். பெட்டி இல்லை, உறை இல்லை. அதன் அடியில் ஆயிரத்துக்கும் மேலான ஊசிகள், தலைமுடி கனத்தில். ஓர் ஓரத்தில் இரண்டு வரிசை அப்படியே சாய்ந்து கிடந்தன. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. உடனே துபாய்க்குப் போன் அடித்தேன்.

"சாமானத்த சாக்ஸுல போட்டா குடுத்து விடுவா? ஒனக்கு மூள இருக்கா? வெயில்ல நின்னு நின்னு அதும் உருகிப் போச்சா?"

அண்ணன், "செரி மக்கா, தப்புதான். இப்ப என்ன செய்யலாம்னு பாரு" என்றான். நான் பட்டென்று போனை வைத்தேன்.

லெட் பென்சிலில் குச்சியை எடுத்துவிட்டு, அதன் குழாய் போன்ற முனையைச் சாய்ந்த ஒவ்வொரு ஊசியிலும் மாட்டி மெல்ல நிமிர்த்தினேன். வேகமாக வளைத்தால் ஒடிந்துவிடும். அண்ணனைத் திட்டிக்கொண்டே நிமிர்த்தினேன். கை நடுங்கும்போது வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். மதியத்துக்குமேல் மதர்போர்டில் வைத்தபோது சரியாக உட்காரவில்லை. லென்ஸில் பார்த்தால் உள்வரிசையில் இன்னொன்று சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்தியதும் தானாக உள்ளே இறங்கியது. ஃபேன் சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. திரும்பக் கழற்றி ஒவ்வொரு ஊசியாகப் பார்த்தேன். மூலையில் ஒன்று ஒடிந்தே போயிருந்தது. அதற்கும் அண்ணனுக்கு ஒரு வசை விழுந்தது. அது மெமரி ஸ்லாட் ஒன்றுக்குப் போகும் ஊசியாக இருக்கலாம் என்று, கடைசியில் மெமரியைப் பக்கத்து ஸ்லாட்டுக்கு மாற்றிப் போட்டேன். திரையில் படம் வந்தது.

சனிக்கிழமை மதியம் வேலையை முடித்துக் கொடுத்தேன். அந்தப் பெண் சிரித்தபடி வாங்கிக்கொண்டு ஓடினாள். எனக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை. அண்ணன் எவ்வளவு பெரிய மடையன் என்று மனைவிக்குக் காட்ட, வாட்ஸ்அப்பில் அவனோடு பேசிய பழையதையெல்லாம் மேலே தள்ளிக்கொண்டு போனேன். ஒரு வாய்ஸ் மெசேஜ் அகப்பட்டது. தட்டினேன்.

"பெட்டியோட குடுத்து விடாதண்ணே. ஏர்போர்ட்டுல பிரிச்சு நோண்டுவானுவ. பெட்டியக் களஞ்சிட்டு ஏதாவது துணியில சுத்தி விடு, போதும்."

மனைவி என்னைப் பார்த்தாள். "இது நீங்க பேசினதுல்லா?"

நான் போட்ட கூப்பாட்டை முழுவதும் அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தானே, 'நீதானலே சொன்ன' என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? மூளையைப் பற்றிப் பேசினேன், வெயிலைப் பற்றிப் பேசினேன். அத்தனைக்கும் தப்புதான் என்கிறான். மறுபடி போன் செய்தேன். என்னை வாயைத் திறக்கவே விடவில்லை. "என்னலே, படம் குடுத்தியா? அந்தப் பிள்ள பாத்துதா?" என்று கேட்டான்.

அவன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.