பொன்னுசாமி மாமாவின் முதல் கையெழுத்து

எங்கள் தெருவில் டைல்ஸ் ஒட்டுகிற பொன்னுசாமி மாமா குடிப்பார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவரே யாரிடமும் முதலில் இதைத்தான் சொல்வார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூடச் சொன்னாராம். "சனிக்கிழமை ஒரு குவார்ட்டர். மத்த நாள் டீ." கனகவல்லி அத்தை அதைக் கேட்டுவிட்டுத்தான் கழுத்தை நீட்டியிருக்கிறார்.

அந்த ஒரு குவார்ட்டருக்கு மாமா பட்ட பாடு இருக்கிறதே! சேலையூர் தாண்டி வேளச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கிறது எங்கள் நகர். பக்கத்தில் கடை கிடையாது. சனிக்கிழமை வேலை விட்டு வந்து, சிமென்ட் போகத் தேய்த்துக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு தாம்பரத்துக்கு பஸ் பிடிப்பார்.

"மாமா, பொண்ணு தாம்பரமா?" என்று நான் தெருவே கேட்கிற மாதிரி கத்துவேன்.

"போடி தறுதல. பத்தாவது பெயிலாயிட்டு வாயப் பாரு."

இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார். நேராக நடப்பார். திங்கட்கிழமை பெரும்பாக்கத்துப் புதுக் கட்டடங்களில் அவர் ஒட்டும் தரையில் கோலிக்குண்டு வைத்தால் உருளாது. வைத்துப் பார்த்துதான் சொல்கிறேன்.

மாமாவுக்கு எவ்வளவு கட்டுப்பாடு என்று அத்தை பெருமை பேசினால் அவருக்குப் பிடிக்காது. "கட்டுப்பாடும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இன்னொண்ணு வேணும்னா மறுபடி பஸ் ஏறணும். அந்த பேஜாருக்குப் பயந்துகினுதான் ஒண்ணோட நிக்கறேன்."

2005 வெள்ளம் வடிந்த பிறகு, தெருமுனையில் காலியாகிப் போன குடோனுக்குக் கம்பி ஜன்னல் வைத்தார்கள். போர்டு மாட்டினார்கள். சர்க்கார் ஒயின்ஷாப். மாமா வீட்டு வாசலிலிருந்து நாற்பது தப்படி. அளந்தது நான்தான்.

அன்று சாயங்காலமே மாமா மளிகைக் கடை அத்தாவுல்லா பாயிடம் போய் நின்றார். "பாய், கலெக்டருக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க. கடை வேணாம்னு. முத கையெழுத்து நான் போடறேன்."

பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "நீயா? இன்னாப்பா, உனக்கு பஸ் சார்ஜ் மிச்சம்தானே?"

"அதான் பாய், பயமா கீது."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

இருநூறு கையெழுத்துக்கு மேல் சேர்ந்தது. அத்தை மற்ற பெண்களைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் கடை வாசலில் உட்கார்ந்தார். விசாரணை வரும் என்று சொல்லி போலீஸ் எழுப்பி அனுப்பியது. என் பங்குக்கு நானும் 'கடை கூடுவாஞ்சேரிக்கு மாற்றப்பட்டது' என்று எழுதி போர்டு மேல் ஒட்டினேன். அரைமணி நேரம் நன்றாக வேலை செய்தது.

மாமா மட்டும் அந்தப் பக்கமே போகவில்லை. ஏரிக்கரை வழியாகச் சுற்றி வந்தார். சனிக்கிழமை அதே சுற்றில் பஸ் ஸ்டாப் போய், அதே தாம்பரம்.

விசாரணை அதிகாரி வந்ததும் ஒரு சனிக்கிழமை. ஜீப்பிலிருந்து இறங்கி மனுவைப் பிரித்தார். தெருவே கூடியிருந்தது.

"முதல் கையெழுத்து, பொன்னுசாமி. யாரு?"

மாமா இஸ்திரிச் சட்டையோடு முன்னால் வந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

கோயிலுக்கு என்று சொல்லியிருக்கலாம். மச்சான் வீட்டுக்கு என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் பத்துப் பொய் சொல்லியிருப்பேன்.

"தாம்பரம் சார். ஒயின்ஷாப்புக்கு."

அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்ப நீங்க குடிப்பீங்க?"

"வாரத்துக்கு ஒரு குவார்ட்டர் சார். அதனாலதான் சார் கேக்கறேன். தூரமா இருந்தா அளவோட இருப்பேன். வாசல்ல வெச்சா என்னால முடியாது சார்."

அதிகாரி தலையாட்டிக்கொண்டே எழுதினார். நிறைய எழுதினார். புரிந்துகொண்டார் என்று நினைத்தோம்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. பாய் கடை வாசலில் நின்று படித்தார். "முதல் மனுதாரரே மது அருந்துபவர் என்பதும், அதற்காக அவர் தாம்பரம் வரை சென்று சிரமப்படுகிறார் என்பதும் விசாரணையில் தெரிய வந்தது. ஆகவே இப்பகுதிக்குக் கடை அவசியமாகிறது."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், மாமாவைப் பார்த்து.

"ஒரு பொய் சொன்னா இன்னா கொறைஞ்சா பூடுவ?" என்றார் பாய்.

"கையெழுத்து போட்டுட்டு எப்டி பாய் பொய் சொல்றது?"

அதற்குப் பிறகும் ஏழெட்டு வாரம் தாம்பரத்துக்கே போனார். ஒரு சனிக்கிழமை பஸ் ஸ்டிரைக். அன்றைக்கு மட்டும்தான் என்று முனைக் கடைக்குப் போனார். அடுத்த வாரம் பஸ் ஓடியது. அவர் ஏறவில்லை.

பிறகு ஒரு புதன்கிழமை, நல்ல வெயிலில், நான் பால் வாங்கி வரும்போது பார்த்தேன். குளிக்கக்கூட இல்லை. கையெல்லாம் சிமென்ட்டோடு வரிசையில் நின்றார். கிண்டல் பண்ணாமல் பாலோடு நேராக அத்தையிடம் ஓடினேன்.

அத்தை வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். "வூட்டுக்கு வாங்க" என்று மெதுவாகத்தான் சொன்னார்.

"நீ போ. வர்றேன்."

அத்தை போகவில்லை. அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். பின்னால் நின்றவன் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, லைன் நகருது" என்றான்.

சட்டையை விடாமல், அத்தையும் ஓர் அடி முன்னால் நகர்ந்தார்.