பாதியில் நின்ற இரட்டை வயலின்

ராயபுரத்தில் எங்கள் மாதா கோவிலில் அன்று மாலை இரண்டு கன்செர்ட்டோக்கள் வாசிப்பதாக இருந்தது. இரண்டுமே முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய பரோக் காலத்தவை. இரண்டிலும் முன்னால் இரண்டு பேர் நின்று ஜோடியாக வாசிப்பார்கள். மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து துணை வாசிப்பார்கள். முதலாவது இரண்டு டிரம்பெட்களுக்கு. கல்யாண பேண்டுக்காரர்கள் இருவர் அதற்கு ஒத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தது இரண்டு வயலின்களுக்கு. முதல் வயலின் அண்ணன், இரண்டாவது நான்.

அவர் என் கூடப் பிறந்தவர் இல்லை. கோவில் இசைக்குழுவில் பல வருஷமாக என் பக்கத்து நாற்காலிக்காரர். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் ஓட்டினார். அங்கே தண்ணீரை உறைய வைப்பது அம்மோனியா வாயு. அதன் வாடை சட்டையில் ஒட்டியிருக்குமே என்று குளித்துவிட்டுத்தான் ஒத்திகைக்கு வருவார்.

ஒரு வாரம் முன்பு ஒத்திகை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அந்த வாயு போகும் குழாயில் ஒரு வால்வு சரியில்லை என்றும், முதலாளியிடம் சொன்னதற்கு, மீன்பிடித் தடைக்காலம் வரட்டும், அப்போது மொத்தமாகப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார்.

"கச்சேரி அன்னிக்கு நா லீவு போட்டா சரியா வராதும்மா. மிஷின் சத்தம் ஒரு மாதிரியா கீது."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறு மாதம் உழைத்திருக்கிறோம், ஒரு சாயங்காலம் நீங்கள் இல்லாவிட்டால் கம்பெனி நின்றுவிடுமா என்று கேட்டேன். அவர் அந்த நாளுக்கு லீவு போட்டுவிட்டார். அவருடைய ஷிப்டை ஐஸ் பாளம் தள்ளுகிற கூட்டாளி ஒருவர் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

டிரம்பெட்காரர்கள் அருமையாக வாசித்தார்கள். எங்கள் முறை வந்தபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. புழுக்கத்துக்காகக் கடல் பக்கத்து ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்திருந்தார்கள். முதல் பகுதி ஓடியது. ஆனால் அண்ணனின் கண் நோட்டில் இல்லை, ஜன்னலில் இருந்தது.

இரண்டாம் பகுதி மெதுவானது. ஒரு வயலின் சொன்னதை இன்னொன்று வாங்கிச் சொல்லும். நான் வாசித்து முடித்து அவருக்கு விட்ட இடத்தில் அவருடைய வயலின் எழும்பவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். எரிச்சலோடு என் பகுதியைத் தொடர்ந்தேன். அவர் வில்லைத் தாழ்த்தி, மூச்சை இழுத்து முகர்ந்துகொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கும் மூக்கில் ஊசி குத்தினாற்போல் ஏறியது. மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா இருமினார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

அண்ணன் மைக்கை எடுத்தார். பங்குச் சாமியார் பதறி எழுந்தார். அண்ணன் அவரைப் பார்க்கவில்லை.

"ஐஸ் கம்பெனி கேஸு இது. யாரும் ஓடாதீங்க. கர்ச்சீப்ப நனச்சு மூக்குல வெச்சுக்குங்க. காத்து கடல்லேர்ந்து வருது, மேற்கால போனா அதுவும் கூடவே வரும். தெற்கால, ஸ்டேஷன் பக்கம் நடங்க."

ஜனங்கள் தீர்த்தத் தொட்டியில் முந்தானையையும் கைக்குட்டையையும் நனைத்துக்கொண்டு வெளியேறினார்கள். யாரும் கத்தவில்லை. அந்த அமைதிதான் எனக்கு அதிக பயமாக இருந்தது. அண்ணன் தன் வயலினை என்னிடம் நீட்டினார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

"அவன் உள்ள தனியா கீறாம்மா."

ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு, எல்லோரும் போனதற்கு எதிர்த்திசையில், கம்பெனியை நோக்கிப் போனார். நான் ஜனங்களோடு தெற்கே நடந்தேன். ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் இரண்டு கையிலும் இரண்டு வயலினோடு, கண் எரிய எரிய நின்றேன். தீயணைப்பு வண்டிகள் துறைமுகம் பக்கம் போகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் லீவு போடச் சொன்னேன் என்பதைத் தவிர வேறெதுவும் மனதில் நிற்கவில்லை.

கூட்டாளி கம்ப்ரசர் அறை வாசலிலேயே மயங்கிக் கிடந்திருக்கிறார். அண்ணன் அவரைத் தெரு வரைக்கும் இழுத்து வந்துவிட்டுத் திரும்பப் போய் மெயின் வால்வை மூடியிருக்கிறார். இருவரும் பிழைத்தார்கள். அண்ணனுக்கு நுரையீரல் வெந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். பெரியாஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தார். நான் போய் மன்னிப்புக் கேட்டபோது, தான் உள்ளே இருந்திருந்தால் முதலில் விழுந்திருப்பது தான்தான் என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினார்.

அவர் வீடு திரும்புவதற்கு முன்பே ஐஸ் கம்பெனி திறந்துவிட்டது. புது வால்வு போட்டார்களா என்று விசாரித்தேன். பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்றார் கூட்டாளி. அவர் மறுபடி அங்கேதான் வேலை செய்கிறார். போன மாதம் அண்ணனும் திரும்ப வேலையில் சேர்ந்துகொண்டார். அண்ணனின் மனைவி என்னிடம் வந்து, நீயாவது சொல்லிப் பாரேன் என்று அழுதாள். சொன்னேன்.

"வேற யாருக்கும் அந்த மிஷின் சத்தம் புரியாதும்மா" என்றார். பிறகு, ராத்திரி என் வீட்டுக் கடல் பக்கத்து ஜன்னல்களைச் சாத்திவிட்டுத் தூங்கச் சொன்னார்.