மங்குஸ்தான் நிறச் சொங்கெட்

கோத்தா பாருவில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடை ரஸ்லியின் கல்யாண ஸ்டுடியோ. அவன் படம் எடுப்பான். அதைத் திருத்தி ஆல்பமாக்குவது ஹனிசா. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தன் வீட்டு முன்னறையில் கணினி முன்னால் உட்காருவாள். கை சுத்தம், வாய் துடுக்கு. என்னை "அண்ணே" என்று குழைவாகக் கூப்பிட்டுவிட்டு, நான் போட்ட சட்டம் கோணல் என்பாள். அளந்து பார்த்தால் கோணலாகத்தான் இருந்து தொலைக்கும்.

அவளுக்குச் சோதனை செ எசாவின் உருவில் வந்தது. செ எசா சொங்கெட் நெய்கிறவள். பட்டுக்குள் பொன்னிழை ஓடும் துணி அது. மகளின் கல்யாணத்துக்காக நூலுக்குத் தானே சாயம் ஏற்றி, தானே நெய்திருந்தாள். ஆல்பத்தைக் கடை வாசலில் வைத்தே பிரித்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

"நான் நெஞ்சது மங்குஸ்தான் தோல் நிறம். நீங்க எம் பொண்ணுக்குப் பெலாச்சானக் கட்டிவிட்டிருக்கீங்க."

மிகையில்லை. துணி இறால் விழுது மாதிரி பழுப்பாகத்தான் இருந்தது. ரஸ்லி கும்பிடாத குறையாகச் சமாதானம் சொல்லி, மறுபடி அச்சிட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டான். உள்ளே வந்ததும், ஸ்டுடியோவுக்கு வந்திருந்த ஹனிசாவிடம் கறாராகச் சொல்லிவிட்டான்: இதுவும் சொதப்பினால் ஆல்பம் வேலையெல்லாம் இனி கோலாலம்பூருக்குப் போகும். ஹனிசா ஆல்பத்தை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனாள்.

துணி கல்யாணப் பெண்ணோடு ஜொகூருக்குப் போய்விட்டது. மாதிரிக்கென்று சாயம் ஏற்றியபோதே எடுத்துவைத்த துண்டு நூல் ஒன்றைச் செ எசா விட்டெறிந்திருந்தாள். ஹனிசா அதைக் கணினித் திரையருகே பிடித்தபோதுதான் விஷயம் புரிந்தது. கடையில் வாங்கியபடியே கிடந்த திரை, கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், எல்லாவற்றிலும் ஒரு நீலம். அந்த நீலத்தைத் தணிக்க இவள் படத்தில் மஞ்சளை ஏற்ற, அச்சில் ஊதா பழுப்பாகியிருக்கிறது.

தோழி ஒருத்தியிடம் நிறம் அளக்கும் கருவியை இரவல் வாங்கினாள். பார்க்க மவுஸ் மாதிரி இருக்கும். திரையை நன்றாகச் சூடேற விட்டு, வெளிச்சத்தைக் குறைத்து, அதன் நெற்றியில் கருவியைத் தொங்கவிட்டாள். சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் என்று திரை மாறி மாறிக் காட்ட, கருவி அளந்து திருத்தியது. முடிந்ததும் வெள்ளையெல்லாம் மஞ்சள் பூத்துத் தெரிந்தது. திரை கெட்டுவிட்டதென்று பதறியவளுக்கு, ஒரு பொழுது போனதும் அதுவே வெள்ளையாகிவிட்டது. இத்தனை நாளும் கெட்டிருந்தது கண் பழக்கம்தான்.

அப்போதும் நூலும் படமும் ஒட்டவில்லை. வெறுத்துப்போய் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வெளியே வெள்ளை, உள்ளே போனால் இளம்பச்சை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு நிறம் என்றால் கண்ணில் அடிக்க வேண்டும். பெருநாளுக்கென்று அவள் கணவன் ஷுக்ரி முன்னறை முழுக்கக் கிளிப்பச்சை பூசியிருந்தான். வெளிச்சம் சுவரில் பட்டு நூலிலும் தாளிலும் பச்சையாக விழுந்தது.

ஹனிசா சுவரைச் சாம்பல் நிறமாக்கிவிட்டாள். தெருவே கூடிவிட்டது. பெயிண்டுக்குக் காசில்லையா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பு.

"சிமெண்டு பூசி பாதியில விட்ட வீடு மாதிரி இருக்கு. எங்கம்மாவுக்கு நான் என்ன சொல்ல?" என்றான் ஷுக்ரி.

"மருமகளுக்குக் கண்ணு தெரிஞ்சிடுச்சுன்னு சொல்லுங்க," என்றாள் இவள். ஆரஞ்சு நிற பாஜு குரோங் உடையைக் கழற்றிவைத்துவிட்டு, வேலை நேரத்தில் அவனுடைய கறுப்புப் பனியனையே போட்டுக்கொண்டாள், சட்டை நிறமும் திரையில் விழுமே என்று.

நூலும் படமும் ஒட்டின. ஆனால் புதிய வம்பு ஒன்று முளைத்தது. படத்தில் துணியின் கீழ்க்கரையையொட்டி ஒரு சாண் அகலத்துக்கு நிறம் கொஞ்சம் நீலம் தட்டித் தெரிந்தது. கருவியின் கோளாறு, தேய்த்துச் சமமாக்கிவிடு என்றான் ரஸ்லி. ஒரு நிமிட வேலைதான். ஹனிசா மற்ற படங்களைத் திறந்து பார்த்தாள். பெண் நின்றாலும் உட்கார்ந்தாலும், நிழலிலும் வெயிலிலும், அந்தப் பட்டை துணியோடு துணியாகவே நகர்ந்தது. திரையின் கோளாறென்றால் திரையில் ஒரே இடத்தில் அல்லவா இருக்கும்? அவள் அதைத் தொடவில்லை. ரஸ்லி தலையில் அடித்துக்கொண்டான்.

புது ஆல்பத்தைச் செ எசா மெதுவாகப் புரட்டினாள். முதல் பக்கத்திலேயே முகம் மலர்ந்தது. பிறகு அவள் விரல் அந்தப் பட்டையில் போய் நின்றது. ரஸ்லி வாயெடுப்பதற்குள் ஹனிசா அவளை அத்தை முறை சொல்லி அழைத்து முந்திக்கொண்டாள்.

"அது எனக்குத் தெரிஞ்சபடியே இருக்கட்டும்னு விட்டுட்டேன், மக்சிக். வேணாம்னா எடுத்துடறேன்."

செ எசா அந்தப் பட்டையை விரலால் ஒருமுறை நீவினாள்.

"கடைசியில நூல் பத்தல. அடை மழை. மறுபடி சாயம் போட்டேன், அதே நிறம் வரல. எம் பொண்ணுக்குக்கூடத் தெரியாது, கட்டினப்ப யாருமே பாக்கல," என்றாள். "நீ கல்யாணத்துக்கே வரலியே. எப்படிம்மா பாத்தே?"

ஹனிசா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எடுக்காதே. இதுதான் நான் நெஞ்ச துணி. அவகிட்ட நானே சொல்லிக்கறேன்."

ரஸ்லி அடுத்த கல்யாணத்தின் மெமரி கார்டைக் கேமராவிலிருந்து கழற்றி ஹனிசாவின் கையில் வைத்தான்.