அம்மா இருந்த சிடி

மூன்று மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வந்த என் சித்தப்பா, தனக்குத் தெரியாத வித்தை இல்லை என்று நம்பினார். ஆனையூரில் எங்கள் தெருவும் அதை நம்பியது என்பதுதான் வேடிக்கை. பக்கத்து வீட்டு அண்ணன் தவறுதலாக அழித்த போட்டோக்களை அவர் ஒருமுறை மீட்டுக் கொடுத்திருந்தார். "அழிச்சாலும் உள்ளதான் கெடக்கும். அதுக்கு மேல வேற எதையும் ஏத்திரக் கூடாது, அம்புட்டுதான்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவார். நூறு தடவை கேட்டிருந்தும் எனக்கு அது விளங்கியதில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அம்மா நடப்பதும் பேசுவதும் என் காதுகுத்து வீடியோவில் மட்டும்தான் மிச்சம் இருந்தன. பேரையூர்ப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில் எடுத்தது. மொட்டைத் தலையோடு நான் வீறிட்டு அழ, அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "முடிஞ்சுருச்சு தங்கம், முடிஞ்சுருச்சு" என்பாள். சித்தப்பா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு, பூஞ்சை பிடித்த கேசட்டைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த ஓர் இடத்தை மட்டும் தினமும் போட்டுப் பார்ப்பேன்.

பிறகு அப்பாவுக்கு இரண்டாம் கல்யாணம் நடந்தது. அந்தக் கல்யாணக் கேசட் வந்தபோது கம்ப்யூட்டரில் இடம் இல்லை.

"காதுகுத்த சிடில போட்டுட்டு இங்கன இருந்து எடுத்துருவோம் பாப்பா" என்றார் சித்தப்பா. திரையில் இருந்த அதன் சின்னப் படத்தை இழுத்து சிடிக்குள் விட்டார். எப்போதும் அரைமணி நேரம் இழுக்கிற வேலை ஒரே நிமிடத்தில் முடிந்தது. புது சிடி ரைட்டரின் வேகம் அது என்று பெருமைப்பட்டுக்கொண்டார். போட்டுப் பார்த்தோம், அம்மா வந்தாள். சிடியின் மேல் மார்க்கரால் 'அம்மா' என்று நான் எழுதினேன். கம்ப்யூட்டரில் இருப்பதை நிரந்தரமாக அழிக்கவா என்று திரை கேட்டபோது, கெஞ்சிக் கேட்டு அந்தப் பொத்தானையும் நானே அழுத்தினேன்.

மறுபடி சிடியைப் போட்டால் அம்மா வரவில்லை. சித்தப்பா அதில் பதிந்தது வீடியோவை அல்ல, வீடியோ இருக்கும் இடத்தைக் காட்டும் ஷார்ட்கட்டை. கம்ப்யூட்டரில் வீடியோ இருந்தவரை, சிடி அதையே எடுத்துக் காட்டியிருக்கிறது.

சித்தப்பா அப்பாவைக் கூப்பிட்டார். "அண்ணே, இன்னைக்கு இதுல எதையும் ஏத்த வேணாம். மீட்க முடியுதான்னு பாக்குறேன்" என்றார்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. புதிதாக வந்திருந்த சித்தி இருந்த அறையைப் பார்த்தார். "கல்யாணக் கேசட்ட ஏத்துறா. சாயங்காலம் அவுக வீட்டுல இருந்து பாக்க வாராக" என்றார்.

வித்தைக்காரர் அண்ணன் பேச்சைத் தட்டாதவர். ஏற்றினார்.

இன்றைக்கும் அந்த வீடியோவைப் பற்றிப் பேச்சு வந்தால், "அதத்தான் இவளே அழிச்சுப்புட்டாளே" என்று அப்பா சிரிக்கிறார். எனக்கு இப்போது கம்ப்யூட்டரில்தான் பிழைப்பு. யார் எதை அழித்தார்கள் என்பது நன்றாகவே தெரியும். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

ஆனால் அன்று எனக்கு எதுவும் தெரியாது. "அம்மா வந்துருவாங்களா சித்தப்பா?" என்று கேட்டேன்.

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "எதுலயும் கைய வச்சுராத பாப்பா" என்றார்.

வேலை நடக்கும்போது தொட்டால் எல்லாம் கெட்டுப்போகும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. அம்மாவைத்தான் திரும்ப எடுக்கிறார் என்று நினைத்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கோடு முழுதாக நிறையும்வரை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.